முட்கம்பி வேலியினூடாக வாசித்தவர்: எலியாசர் சுகெனிக்கும் சாக்கடல் சுருள்களும்

1947ஆம் ஆண்டு நவம்பர் 24, திங்கட்கிழமை. ஜெரூசலேம் நகரம் முட்கம்பிகளால் துண்டாடப்பட்டுக் கிடந்தது. பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் நகரைப் பாதுகாப்பு வலயங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அனுமதி அட்டை வேண்டும். அன்று காலை ஒரு வலயத்தின் வாயிலில், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பழம்பொருள் விற்கும் ஆர்மேனிய வணிகர். மற்றவர் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருளியல் பேராசிரியர் எலியாசர் சுகெனிக்.

வணிகர் ஒரு சிறிய தோல் துண்டை எடுத்து வேலியருகே பிடித்துக் காட்டினார். அதில் எபிரேய எழுத்துகள் இருந்தன. பெத்லகேமைச் சேர்ந்த அரபு வணிகர் ஒருவரிடம் இப்படிப்பட்ட சுருள்கள் இருப்பதாகவும், சாக்கடலுக்கு அருகே உள்ள குகையொன்றில் பெதுயின் இடையர்கள் அவற்றைக் கண்டெடுத்ததாகவும் அவர் சொன்னார். இவை உண்மையானவையா, பல்கலைக்கழகம் வாங்குமா என்பதே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

சுகெனிக் கம்பிகளுக்கு இடையால் அந்த எழுத்துகளைப் பார்த்தார். முதலில் அவருக்கு வந்தது சந்தேகம்தான். அந்த நாட்டின் ஈரலிப்பான மண்ணில் தோலும் பப்பிரசும் ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்காது என்பதுதான் அன்றைய துறையறிஞர்களின் பொதுவான எண்ணம். போலிப் பொருட்கள் அடிக்கடி சந்தைக்கு வரும் நகரம் அது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த எழுத்துகள் அவருக்கு அறிமுகமானவையாகத் தெரியத் தொடங்கின. அதே வடிவ எழுத்துகளை அவர் எத்தனையோ தடவை கண்டிருக்கிறார். தோலில் அல்ல, கல்லில்.

அந்தச் சில நிமிடங்கள்தான் சாக்கடல் சுருள்கள் பற்றிய ஆய்வின் தொடக்கம் என்று சொல்லலாம். அதுவரை அந்தச் சுருள்களைப் பார்த்த வேறு சிலருக்குப் புலப்படாதது இவருக்கு மட்டும் எப்படிப் புலப்பட்டது? அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

கல்லறைகளில் கற்ற எழுத்து

எலியாசர் லிப்பா சுகெனிக் 1889 ஒகஸ்ட் மாதம் பியாலிஸ்டொக் நகரில் பிறந்தார். இன்று போலந்தில் இருக்கும் அந்த நகரம் அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் யூதர்கள் மீதான தாக்குதல்கள் பெருகிய காலத்தில், சியோனிச இயக்கத்தில் நம்பிக்கை வைத்த இளைஞர்களில் அவரும் ஒருவர். முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், ஒட்டோமன் துருக்கியரின் ஆட்சியில் இருந்த பலஸ்தீனத்துக்கு வந்து சேர்ந்தார். பாடசாலை ஆசிரியராக வேலை செய்தார். பழைய இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிச்சென்று விளக்கம் சொல்வதும் அவருடைய தொழிலாக இருந்தது. அந்த நடைகள்தான் அவரைத் தொல்பொருளியலுக்குள் இழுத்துவிட்டன.

அவருடைய மனைவி ஹஸ்யாவும் அறியப்பட்ட ஆளுமைதான். அந்த நாட்டில் எபிரேய மொழியில் பாலர் கல்வியை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று உழைத்தவர். அவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். மூத்தவர் யிகேல். இரண்டாவது யோசேப், பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர். கடைக்குட்டி மத்தித்யாகு.

போருக்குப் பிறகு, குடும்பத்தை வைத்துக்கொண்டே சுகெனிக் பேர்லினுக்குப் போய்ப் படித்தார். பிறகு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள டிரொப்சி கல்லூரியில் 1926இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1925இல் திறக்கப்பட்ட எபிரேயப் பல்கலைக்கழகத்தில் தொல்பொருளியல் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரானார். மாயருடன் சேர்ந்து ஜெரூசலேமின் பண்டைய மூன்றாவது மதிலின் எச்சங்களைத் தோண்டினார். 1928இன் இறுதியில் பெத் அல்பா என்ற இடத்தில் கூட்டுப் பண்ணை இளைஞர்கள் தண்ணீர் வாய்க்கால் வெட்டியபோது வண்ணக் கற்கள் பதித்த தரையொன்று வெளிப்பட்டது. 1929இன் தொடக்கத்தில் சுகெனிக் அதை முழுமையாக அகழ்ந்தார். 6ஆம் நூற்றாண்டு யூத ஜெபக்கூடமொன்றின் தரை அது. நடுவில் பன்னிரண்டு இராசிகளின் சக்கரம், அதன் மையத்தில் தேரில் வரும் சூரியன். யூத வழிபாட்டிடத்தில் உருவங்கள் இருக்காது என்று நம்பியிருந்தவர்களை அந்தத் தரை திகைக்கவைத்தது.

ஆனால் எங்கள் கதைக்கு முக்கியமானது அவருடைய இன்னொரு வேலை. முதலாம் நூற்றாண்டு ஜெரூசலேமில் இறந்தவரின் உடலைக் கல்லறையில் கிடத்திவிட்டு, தசை அழிந்த பின் எலும்புகளைச் சேர்த்துச் சிறிய சுண்ணாம்புக்கல் பேழையில் இடுவது வழக்கம். பேழையில் இறந்தவரின் பெயரை ஆணியாலோ கரியாலோ யாராவது எழுதிவிடுவார்கள். அழகான எழுத்தல்ல, துக்கத்தில் அவசரமாகக் கீறிய எழுத்து. இப்படியான பேழைகளை ஆண்டுக்கணக்காகத் தேடித் தேடிப் பதிவுசெய்தவர் சுகெனிக். 1931இல் ஒலிவ மலையில் உள்ள ரஷ்ய மடமொன்றின் சேகரிப்பில், யூதேயா நாட்டு அரசன் உசியாவின் எலும்புகள் இடம் மாற்றப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டை அடையாளம் கண்டவரும் அவர்தான்.

கி.பி. 70இல் ரோமப் படைகள் ஜெரூசலேமை அழித்தபோது அந்த நகரில் பேழைகள் செய்யும் வழக்கமும் ஏறத்தாழ முடிந்துபோனது. ஆகவே பேழை எழுத்தின் காலம் தெரியும். அதே எழுத்து ஒரு தோல் துண்டில் இருந்தால், அந்தத் தோலின் காலமும் தெரிந்துவிடும். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற சுகெனிக்கின் மனதில் ஓடிய கணக்கு இதுதான்.

அவர் எப்போதும் சரியாகவே கணித்தார் என்றில்லை. 1945இல் தல்பியொத் பகுதியில் அகழ்ந்த கல்லறையொன்றின் பேழைகளில் ஆதிக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய தடயம் இருக்கிறது என்று அவர் அறிவித்தார். அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. துணிந்து முடிவுக்கு வருவது அவருடைய சுபாவம். அந்தச் சுபாவம் ஒரு தடவை அவரைச் சறுக்கவைத்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அதுவே அவரைப் பெத்லகேமுக்குக் கூட்டிச்சென்றது.

நவம்பர் 29

மிச்சச் சுருள்கள் பெத்லகேமில் இருந்தன. ஜெரூசலேமிலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் அந்த நாட்களில் அது நீண்ட தூரம். பலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வாக்கெடுப்புக்குக் காத்திருந்தது. முடிவு எதுவானாலும் மறுநாளே இரத்தம் சிந்தப்படும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

ஹஸ்யா கணவரைத் தடுத்தார். மூத்த மகன் யிகேல் அப்போது ஹகானா என்ற யூத ஆயுத அமைப்பில் மூத்த பொறுப்பில் இருந்தார், தொல்பொருளியலும் படித்தவர். தகப்பன் அவரிடம் ஆலோசனை கேட்டார். இராணுவத்தவனாகப் பார்த்தால் போகக்கூடாது, ஆய்வாளனாகப் பார்த்தால் போகத்தான் வேண்டும், மகனாகத் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்ற கருத்தில் யிகேல் பதில் சொன்னதாகச் சொல்லப்படுகிறது.

வாக்கெடுப்பு தள்ளிப்போனதாக வானொலியில் செய்தி வந்தது. இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது என்று சுகெனிக் கணக்குப்போட்டார். நவம்பர் 29 சனிக்கிழமை, அந்த ஆர்மேனிய வணிகருடன் அரபுப் பயணிகளின் பேருந்தில் ஏறிப் பெத்லகேம் போனார். அரபு வணிகரின் வீட்டு மேல்தளத்தில் அவரை வரவேற்றுக் கோப்பி கொடுத்தார்கள். சுருள்கள் வைக்கப்பட்டிருந்த இரண்டு மண் சாடிகளையும் காட்டினார்கள். கை நடுங்க ஒரு சுருளைப் பிரித்து வாசித்தார். விவிலிய எபிரேய மொழியின் சாயலில் எழுதப்பட்ட பாடல்கள். விவிலியத்தில் இல்லாத பாடல்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் வாசிக்காத வரிகள் தன் முன் கிடக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது.

இரண்டு நாளில் முடிவு சொல்கிறேன் என்று கேட்டு, சுருள்களைக் காகிதத்தில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதே வழியால் வீடு திரும்பினார். எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஒரு பேராசிரியரின் வாய்ச்சொல்லை நம்பி அந்த வணிகர்கள் அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் சில மணித்தியாலங்களில் எதிரெதிர்த் தரப்புகளாக மாறப்போகிறவர்களுக்கு இடையில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது.

அன்றிரவு சுகெனிக் தன் படிப்பறையில் சுருளுக்கு மேல் குனிந்திருந்தார். பக்கத்து அறையில் கடைசி மகன் மத்தித்யாகு வானொலியோடு இருந்தார். நியூயோர்க்கில் எந்த நாடு எப்படி வாக்களிக்கிறது என்பதை அவர் அங்கிருந்து கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதரவாக 33, எதிராக 13, நடுநிலை 10. நள்ளிரவில் தெருக்களில் யூத மக்கள் ஆடிப்பாடினார்கள். சுகெனிக்கும் வெளியே இறங்கினார். கூட்டத்துக்கு ஒரு மகிழ்ச்சி, அவருக்கு இரண்டு. கடைசியாக யூதர்களுக்கு அரசொன்று இருந்த காலத்தோடு ஒட்டிய எழுத்துகள், புதிய அரசுக்கு உலகம் சம்மதித்த அதே நாளில் தன் கைக்கு வந்திருக்கின்றன என்று அவர் நினைத்தார். அதில் ஏதோ ஒரு குறி இருப்பதாக நம்பினார்.

ஆனால் அதே இரவை அவர் போய்வந்த பெத்லகேமில் இருந்தவர்கள் வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுநாளே மோதல்கள் வெடித்தன. தொடர்ந்த போரில் 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடுகளையும் ஊர்களையும் இழந்தார்கள். அவர்கள் அதை நக்பா, பேரழிவு என்று அழைக்கிறார்கள். சுகெனிக்கின் கதையைச் சொல்லும் பலர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. சுருள்களின் வரலாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது.

கைநழுவிய நான்கு

அந்த வாரத்தில் சுகெனிக் வாங்கியவை இரண்டு சுருள்கள். ஒன்றுக்கு நன்றிப் பாடல்கள் என்று பெயரிட்டார். மற்றது, ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் இடையில் நடக்கவிருக்கும் இறுதிப் போரைப் பற்றியது. டிசெம்பரில் மூன்றாவதாக ஏசாயா நூலின் சிதைந்த பிரதியொன்றும் கிடைத்தது.

இதற்கிடையில் அவரை வருத்திய செய்தியொன்று வந்தது. அதே குகையிலிருந்து எடுக்கப்பட்ட வேறு நான்கு சுருள்கள் பழைய நகரில், புனித மாற்கு மடத்தில் இருந்தன. சிரியன் ஓர்தொடொக்ஸ் திருச்சபையின் பேராயர் மார் அத்தனாசியஸ் சாமுவேல் அவற்றை வெறும் 24 பவுணுக்கு வாங்கியிருந்தார். மாதக்கணக்காக அவர் பலரிடம் காட்டிப் பார்த்தும் எவரும் பெரிதாக எடுக்கவில்லை. சுகெனிக்கின் சொந்தப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தவர்கள்கூடப் போய்ப் பார்த்து, சமாரியருடைய ஏடுகள் என்று எண்ணித் திரும்பியிருந்தார்கள். ஒரு வார்த்தை தன்னிடம் சொல்லியிருந்தால் என்ற ஆதங்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

1948 ஜனவரி இறுதியில் அன்ரன் கிராஸ் என்பவர் மூலம் பேராயரின் தரப்பு அவரைத் தொடர்புகொண்டது. கிராஸ் அவருக்கு முன்னரே பழக்கமானவர். இருவரும் வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் சந்தித்தார்கள். சுகெனிக் ஒரு சுருளைப் பிரித்தார். ஏசாயாவின் நூல், 66 அதிகாரங்களும் முழுதாக. ஏழு மீற்றருக்கு மேல் நீளம். சில நாட்களுக்கு அதைக் கடனாகக் கேட்டு வாங்கிப்போய், முடிந்தளவு பகுதிகளைக் கையால் பார்த்தெழுதினார். வாங்குவதற்குப் பணம் திரட்ட ஓடினார். முற்றுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நகரில் பழைய தோலுக்குப் பணம் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வாக்குக் கொடுத்தபடி பெப்ரவரி 6ஆம் திகதி சுருளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த நான்கையும் அவர் காணவில்லை. பேராயர் தரப்பு அவற்றை ஜெரூசலேமில் இருந்த அமெரிக்க ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனது. அங்கே ஜோன் ட்ரெவர் என்ற இளம் ஆய்வாளர் அவற்றைப் புகைப்படம் எடுத்தார். படத்தைப் பார்த்த வில்லியம் ஆல்பிரைட் அவற்றின் பழமையை உறுதிசெய்தார். 1948 ஏப்ரலில் அமெரிக்கர்கள் உலகத்துக்கு அறிவித்தார்கள். சில நாட்களின் பின் சுகெனிக்கும் தன்னிடம் இருப்பவற்றைப் பற்றி அறிவித்தார். பேராயர் தன் சுருள்களோடு 1949இல் அமெரிக்கா போய்ச்சேர்ந்தார்.

அந்தக் கோடையில் ஜெரூசலேம் மீது ஷெல்கள் விழுந்துகொண்டிருந்தன. ஸ்கோபஸ் மலையில் இருந்த பல்கலைக்கழக வளாகம் நகரிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. ஜூன் 4ஆம் திகதி, ரெல் அவிவ் கரைக்கு வந்த எகிப்தியக் கப்பல்களைத் தாக்கப் புறப்பட்ட சிறு விமானமொன்று கடலில் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மத்தித்யாகு. வானொலிக்குப் பக்கத்தில் இருந்து வாக்குகளை எண்ணிச் சொன்ன பையன். இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த இரவின் விலை அந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

சுகெனிக் வேலையை நிறுத்தவில்லை. அதே 1948இல் சுருள்கள் பற்றிய அவருடைய முதல் நூல், மறைத்துவைக்கப்பட்ட ஏடுகள் என்ற பொருள் தரும் எபிரேயத் தலைப்பில் வெளிவந்தது. 1950இல் இரண்டாவது பகுதி வந்தது.

யார் எழுதினார்கள்?

சுருள்களின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு எளிய விடை ஒன்று உண்டு. அதுவரை கையில் இருந்த எபிரேய விவிலியத்தின் பெரிய பிரதிகளில் பழையவை 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏசாயாச் சுருள் அவற்றைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. கையால் பார்த்தெழுதிப் பார்த்தெழுதி வந்த ஒரு நூல் ஆயிரம் ஆண்டுகளில் எவ்வளவு மாறும் என்பதை முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் ஏராளமான வேறுபாடுகள் இருந்தன. ஆனால் நூல் அதே நூல்தான்.

சுகெனிக்கை இன்னொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இவற்றைக் குகையில் வைத்தவர்கள் யார்? பேராயரிடம் இருந்த சுருள்களில் ஒன்று, ஒரு குழுவின் ஒழுங்குவிதிகளைக் கொண்டது. அந்தக் குழுவில் சேர விரும்புகிறவர் படிப்படியாகப் பரிசோதிக்கப்படுவார். சொத்தைப் பொதுவில் ஒப்படைக்கவேண்டும். ஒன்றாக உண்டு, ஒன்றாக வழிபட்டு, நீராடித் தூய்மை காக்கவேண்டும். சொத்து விடயத்தில் பொய் சொன்னவர் ஓராண்டு பொதுப்பந்தியிலிருந்து விலக்கப்படுவார்; அவருடைய உணவில் கால் பங்கும் குறைக்கப்படும். கூட்டத்தில் தூங்கினால் முப்பது நாள் தண்டனை.

இந்த விபரங்கள் கல்வியாளர்களுக்கு எங்கேயோ கேட்டவை போலிருந்தன. முதலாம் நூற்றாண்டு எழுத்தாளர்களான யோசேபசும் பைலோவும் எசேனியர் என்ற யூதக் குழுவைப் பற்றி ஏறக்குறைய இதையே எழுதியிருக்கிறார்கள். ரோம எழுத்தாளர் பிளினி அவர்கள் வாழ்ந்த இடத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்: சாக்கடலின் மேற்குக் கரை. சுருள்கள் கிடைத்ததும் அதே கரையில்தான். இரண்டையும் இணைத்து, இவை எசேனியரின் ஏடுகளாக இருக்கலாம் என்று 1948இலேயே முன்வைத்தவர் சுகெனிக். நன்றிப் பாடல்களில் தன் துன்பத்தைத் தன்னிலையில் சொல்கின்ற குரல், இந்தக் குழுவின் நீதியின் ஆசான் என்று அழைக்கப்பட்ட தலைவருடையதாக இருக்கலாம் என்பதும் அவருடைய ஊகம்.

எல்லோரும் ஏற்கவில்லை. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் சொலமன் சைட்லின். அவர் கற்பித்தது டிரொப்சி கல்லூரியில்; சுகெனிக் கலாநிதிப் பட்டம் பெற்ற அதே கல்லூரி. சுருள்கள் மத்திய காலத்தவை, பெரிய மதிப்பற்றவை என்று அவர் தொடர்ந்து வாதிட்டார். விவாதத்துக்கு விஞ்ஞானமும் வந்தது. சுருள்கள் சுற்றப்பட்டிருந்த லினன் துணியைக் கதிரியக்கக் கரிமச் சோதனைக்கு உட்படுத்தியபோது அதன் காலம் கி.பி. 33, முன்பின்னாக 200 ஆண்டுகள் என்று வந்தது. கல்லறைப் பேழைகளைக் கொண்டு சுகெனிக் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போனது.

ஆனால் அவரால் போகமுடியாத இடமொன்று இருந்தது. 1949 போர்நிறுத்தக் கோட்டின்படி குகையும் அதன் சுற்றுப்புறமும் ஜோர்தானின் பக்கம் போய்விட்டன. முட்கம்பி வேலி இப்போது நாட்டின் எல்லையாகிவிட்டது. ஜோர்தானின் தொல்பொருள் பணிப்பாளர் லங்கெஸ்டர் ஹார்டிங்கும், டொமினிக்கன் சபைத் துறவி ரொலான்ட் டி வோவும் குகையை ஆராய்ந்தார்கள். 1951 முதல் 1956 வரை அருகில் இருந்த கும்ரான் இடிபாடுகளை அகழ்ந்தார்கள். நீர்த்தொட்டிகள், பெரிய உணவு மண்டபம், அதற்குப் பக்கத்து அறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், மைக்கூடுகள், ஆயிரத்தைத் தாண்டும் கல்லறைகள் வெளிவந்தன. ஒரு குழுவாக வாழ்ந்தவர்களின் இடம் இது என்றும், ரோமர்கள் கி.பி. 68இல் இதை அழித்தார்கள் என்றும் டி வோ முடிவுசெய்தார். மேலும் பத்துக் குகைகளில் ஏடுகள் கிடைத்தன. மொத்தம் 900க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளின் எச்சங்கள்.

இவற்றில் பெரும்பகுதியை சுகெனிக் காணவில்லை. 1953 பெப்ரவரி 28ஆம் திகதி, 63 வயதில் அவர் காலமானார். அந்த நான்கு சுருள்களும் தன் மக்களுக்கு நிரந்தரமாக இல்லாமற் போய்விட்டன என்ற துயரத்தோடுதான் போனார்.

மகனின் தொலைபேசி

அடுத்த ஆண்டு நடந்தது கற்பனைக் கதை போல இருக்கும். 1954 ஜூன் 1ஆம் திகதி அமெரிக்காவின் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையில், பலதரப்பட்ட விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே நான்கு சாக்கடல் சுருள்கள் விற்பனைக்கு என்று ஒரு சிறு விளம்பரம் வந்தது. அப்போது யிகேல் விரிவுரைகளுக்காக அமெரிக்காவில் இருந்தார். ஹகானாவில் இருந்தபோது வைத்துக்கொண்ட யாதின் என்ற பெயரால்தான் அவர் அறியப்பட்டார். இஸ்ரேல் இராணுவத்தின் பிரதம அதிகாரியாக இருந்து விலகிப் படிப்புக்குத் திரும்பியிருந்தார். யாரோ அவருக்குத் தொலைபேசியில் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னார்கள்.

இஸ்ரேல் வாங்குகிறது என்று தெரிந்தால் பேராயர் விற்கமாட்டார் என்ற பயத்தில் இடைத்தரகர்கள் மூலம் பேரம் நடந்தது. அறிஞர் ஹரி ஒர்லின்ஸ்கி வேறொரு பெயரில் போய்ச் சுருள்கள் அசலானவைதானா என்று சரிபார்த்தார். விலை 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். 1955 பெப்ரவரியில் பிரதமர் மோஷே ஷரெட் செய்தியை வெளியிட்டார். முதற்குகையின் ஏழு சுருள்களும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. 1965இல் ஜெரூசலேமில் அவற்றுக்கென்றே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது.

சுகெனிக் முடிக்காமல் விட்ட பதிப்பை அவருடைய மாணவரும் உதவியாளருமான நஹ்மான் அவிகாத் முதலானோர் முடித்து வெளியிட்டார்கள். யாதின் தன் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஒளியின் மக்களின் போரைச் சொல்லும் சுருளை. படை அணிவகுப்புகள், எக்காளங்கள், ஆயுதங்களின் அளவுகள் என்று போர்க் கையேடு போல எழுதப்பட்ட அந்த ஏட்டை, போரை நடத்திய ஒரு தளபதி உட்கார்ந்து விளக்கினார். போகவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ மகனாகச் சொல்லாமல் விட்ட அந்த நாளில் தகப்பன் கொண்டுவந்த சுருள் அது.

மிஞ்சும் கேள்விகள்

சுகெனிக்கின் எசேனியர் கருத்து இன்றும் அறிஞர்களில் அதிகமானோர் ஏதோவொரு வடிவில் ஏற்கும் கருத்து. ஆனால் தீர்ந்துபோன விவாதமல்ல. ரோமர்கள் வருமுன் ஜெரூசலேமின் நூலகங்களிலிருந்து பல தரப்பினர் கொண்டுவந்து ஒளித்த ஏடுகள் இவை என்று நோர்மன் கோல்ப் போன்றவர்கள் வாதிட்டார்கள். எல்லாச் சுருள்களையும் ஒரே குழு எழுதவில்லை என்பதில் இப்போது பரவலான உடன்பாடு இருக்கிறது.

அவரிடமிருந்து எடுக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. கையில் கிடைத்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. போர் நடக்கும்போதே, மகனை இழந்த ஆண்டிலேயே, தெரிந்தவரை அச்சிட்டு மற்றவர்களின் விமர்சனத்துக்கு விட்டார். நான்காம் குகையின் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுப்பெடுத்த சிறு குழுவோ பல தசாப்தங்களாக அவற்றை வெளியாருக்குக் காட்டவில்லை. தொடக்கத்தில் அந்தக் குழுவில் ஒரு யூத அறிஞரும் சேர்க்கப்படவில்லை. 1991இல் அமெரிக்காவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடம் இருந்த புகைப்படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் அந்தப் பூட்டு உடைந்தது. துறவியான டி வோ 1971இல் இறக்கும்போது கும்ரான் அகழ்வின் இறுதி அறிக்கை வெளிவந்திருக்கவில்லை.

அதேவேளை, இந்தச் சுருள்கள் யாருடையவை என்ற கேள்வி இன்னும் எரிகிறது. 1967 போரில் கிழக்கு ஜெரூசலேமோடு அங்கிருந்த அருங்காட்சியகத்தின் சுருள்களும் இஸ்ரேலின் கைக்குப் போயின. அவற்றுக்கு ஜோர்தானும் பலஸ்தீனத் தரப்பும் உரிமை கோருகின்றன. 2009இல் கனடாவில் கண்காட்சி வைத்தபோதும் இந்தப் பிரச்சினை கிளம்பியது. எழுதியவர்கள் பண்டைய யூதர்கள். ஈராயிரம் ஆண்டு காத்தது அந்த வறண்ட மண். கண்டெடுத்தவர்கள் தாமிரே பெதுயின்கள். சுருள்களின் இறுதி விலையில் அவர்கள் கண்டது மிகச் சொற்பம். ஏழைகளாகச் சொத்தைப் பொதுவில் வைத்து வாழ விதி எழுதியவர்களின் ஏடுகளுக்கு நேர்ந்த கதி இது.

சுகெனிக் அந்த நவம்பர் நாளில் தனக்குக் கிடைத்ததைத் தன் மக்களின் மீள்வருகைக்கான சாட்சியாகவே பார்த்தார். அதை அவரிடமிருந்து பறிக்கமுடியாது. ஆனால் அந்தச் சாட்சியை அவர் கையில் சேர்த்தவர்கள் வரிசையாக ஒரு பெதுயின் இடையன், ஒரு பெத்லகேம் அரபு வணிகர், ஒரு ஆர்மேனியர். ஒப்பந்தமில்லாமல், ஒருவரையொருவர் நம்பிக் கைமாற்றிய பொருள் அது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் அப்படியொரு பேருந்து நெடுங்காலம் ஓடவில்லை.